மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு: ஈட்டா மீதான குற்றச்சாட்டு உண்மையல்ல

2004 மார்ச் 11 காலை, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், வேலைக்குச் செல்வோர் நிறைந்திருந்த 4 புறநகர் ரயில்களில் 10 குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதைச் செய்தது வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கோரிய பிரிவினைவாத அமைப்பான ஈட்டா என்று இன்றும் பரவும் கூற்று தவறானது. பொதுத்தேர்தலுக்கு மூன்றே நாள் இருந்த நிலையில் அன்றைய அரசே அப்படி அறிவித்ததால் பலரும் நம்பினர். ஆனால், வெடிக்காமல், பயணிகளின் உடைமைகளோடு காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பையில், வெடிமருந்துடன் இணைக்கப்பட்டிருந்த செல்போனின் சிம் கார்டைத் தொடர்ந்து சென்றே காவல்துறை இரண்டு நாளில் முதல் கைதுகளைச் செய்தது. வெடிமருந்து ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதிச் சுரங்கம் ஒன்றிலிருந்து வந்தது. இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவொன்றே இத்தாக்குதலை நடத்தியது என்று 2007 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்த தேசிய நீதிமன்றம், ஈட்டாவின் பங்குக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று கூறிவிட்டது.