பேய்ப்படம் பார்த்துவிட்டு ‘பயமே வரலை’ என்று எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு பேய்ப்படம் ஓடிடிக்கு வந்த மறுநாள் டைம்லைனைத் திறந்தால் ஒரே வரிதான். “எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க, எனக்குப் பயமே வரலை. ஒன் டைம் வாட்ச்.” நகைச்சுவைப் படத்துக்குச் ‘சிரிப்பே வரலை’ என்று எழுதினால் ஓரளவு போதும். பேய்ப்படத்துக்கு அது போதாது. ஏனென்றால் பயம் வராமல் போனதற்குப் படம் காரணமாக இருக்கலாம், உங்கள் வீட்டு டிவி காரணமாக இருக்கலாம், நீங்கள் போட்ட அளவுகோலே தப்பாக இருக்கலாம். மூன்றும் வேறு வேறு புகார். எது என்று சொல்லாத விமர்சனத்தால் அடுத்துப் பார்க்கப் போகிறவருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை.

முதலில் திடுக்கிடல் வேறு, பயம் வேறு. சட்டென்று ஏறும் பெரிய சத்தம் காதில் விழுந்தால் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண் இமைத்துவிடும். அது பேயா பூனையா என்று மூளை யோசிப்பதற்குள் உடம்பு வேலையை முடித்துவிடுகிறது. அந்த வேலையைக் குக்கர் விசில்கூடச் செய்யும். பயம் அப்படியில்லை. ஏதோ வரப்போகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை என்று உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நேரம்தான் பயம். ஏற்கெனவே பயந்து உட்கார்ந்திருக்கிறவர் அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளுவார் என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்ட விஷயம். ஆக, நல்ல இயக்குநர் சத்தத்தை நம்புவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் அரை நிமிடத்தை நம்புகிறார்.

அந்த அரை நிமிடத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடத்தைக் காட்ட வேண்டும். கதவு எங்கே, படிக்கட்டு எங்கே, ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பது பார்ப்பவருக்குப் பதிந்திருக்க வேண்டும். அடுத்து ஓசையைக் கழிக்க வேண்டும். ஃபேன், பூச்சிச் சத்தம், தெருச் சத்தம் ஒவ்வொன்றாக விலகி, கடைசி இரண்டு மூன்று நொடி மூச்சு மட்டும் மிஞ்சும். பிறகு ஒரு பொய் ஆறுதல். ஒன்றுமில்லை என்று தோள் தளரும் இடம். அடி, அதாவது திடுக்கிட வைக்கும் அந்த நொடி, அதற்குப் பிறகுதான் விழ வேண்டும். பாதிப் படங்கள் இந்த மூன்றாவது படியைத் தவறவிட்டு, தோள் இறுக்கமாக இருக்கும்போதே அடித்துவிடுகின்றன. எதிர்பார்த்து வாங்குகிற அடி வலிப்பதில்லை.

இந்த வித்தை புதிதல்ல. 1942இல் வால் லூட்டன் தயாரித்து ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். பின்னால் ஒருத்தியின் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடும். நாம் இடது பக்கமும் பின்பக்கமும் தேடிக்கொண்டிருக்கும்போது, சட்டகத்தின் வலப்பக்கமிருந்து ஒரு பஸ் பிரேக் காற்றைச் சீறிக்கொண்டு வந்து நிற்கும். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. அன்றிலிருந்து இந்த உத்திக்குச் சினிமாக்காரர்கள் வைத்த பெயர் ‘லூட்டன் பஸ்’.

1990இல் வந்த ‘தி எக்சார்சிஸ்ட் 3’ படத்தின் மருத்துவமனைக் காட்சி இன்னும் கெட்டிக்காரத்தனம். நீளமான தாழ்வாரத்தின் ஒரு முனையில் கேமரா அசையாமல் நிற்கிறது. மறுமுனையில் ஒரு நர்ஸ் தன் வேலையைப் பார்க்கிறார். ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் போனால், தண்ணீர் டம்ளரில் ஐஸ் உடைகிற சத்தம்தான் அது. அங்கே படுத்திருந்தவர் திடுக்கென எழுந்து நம்மையும் ஒரு துள்ளு துள்ள வைப்பார். அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். கேமரா திரும்பவும் அதே தூரத்துக்குப் போய், அதே தாழ்வாரத்தை ஒரு நிமிடத்துக்கு மேல் காட்டிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தி கான்ஜூரிங்’ (2013) கைதட்டலும் இதே ரகம். கண்ணைக் கட்டிக்கொண்டு, கைதட்டும் ஓசையை வைத்து ஆளைத் தேடும் விளையாட்டை முதலில் பகலில் சிரிப்போடு காட்டிவிடுகிறார் ஜேம்ஸ் வான். விதி நமக்குப் பழகிவிட்டது. பிறகு இருட்டில் அதே தட்டல் வருகிறது. பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு உள்ளங்கை போதும்.

இப்போது இது எங்கே கெட்டுப்போகிறது என்று பார்ப்போம். முதல் குற்றவாளி பின்னணி இசை. சுருதி மெல்ல ஏறிக்கொண்டே போகும் வயலின் வந்துவிட்டாலே ‘தயாராக இரு’ என்று அறிவித்தாயிற்று. ரசிகர் காதைப் பொத்திக்கொள்கிறார். இரண்டாவது, பொய் அடிகளின் எண்ணிக்கை. தோளில் நண்பன் கை வைக்கிறான், டம், பூனை குதிக்கிறது, டம், அம்மா கண்ணாடியில் தெரிகிறார், டம். நான்காவது முறை உண்மையான பேய் வரும்போது யாருக்கும் அக்கறை இருக்காது. மூன்றாவதுதான் நம் படங்களின் நிரந்தர வியாதி: படம் முழுக்கவே சத்தம். நகைச்சுவைக்கு ஒரு இசை, சோகத்துக்கு ஒரு இசை, ஹீரோ கதவு திறந்தால் ஒரு இசை. ஒலி மேலே போக இடமே வைக்காமல், அடிக்க வேண்டிய நேரத்தில் இன்னும் சத்தம் கொடு என்றால் எங்கிருந்து வரும்?

தமிழ்ப் பேய்ப்படத்துக்கு இதற்கு மேல் இன்னொரு சுமை இருக்கிறது. இடைவேளை. சுமார் எழுபதாவது நிமிடத்தில் கேன்டீனுக்கு அனுப்புவதற்கு முன் ஏதாவது பெரிதாக நடந்தே ஆக வேண்டும். அதனால் பேயின் முகத்தை அங்கேயே காட்டிவிடுகிறார்கள். முகத்தைக் காட்டிய பிறகு அதற்குக் கதை சொல்லியாக வேண்டும்; இரண்டாம் பாதியில் இருபது நிமிட ஃபிளாஷ்பேக். நிலத்தைப் பிடுங்கினார்கள், நம்ப வைத்து ஏமாற்றினார்கள், எரித்தார்கள். அதைப் பார்த்தபின் நம் மனசு பேயின் பக்கம் போய்விடுகிறது. நியாயம் பேயிடம் இருக்கும்போது அதைக் கண்டு எப்படிப் பயப்படுவது? வில்லனை எப்போது போட்டுத்தள்ளும் என்றுதான் காத்திருப்போம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011), 2014இலிருந்து வரும் ‘அரண்மனை’ வரிசை எல்லாமே பேய் வேஷம் போட்ட பழிவாங்கும் கதைகள். குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கவும் கடைசியில் கைதட்டவும் எடுத்தவை. ‘காஞ்சனா’வில் பயம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வது தப்பான அளவுகோல். அந்தப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி, சரத்குமார் வரும் ஃபிளாஷ்பேக் உங்களைக் கலங்க வைத்ததா இல்லையா என்பதுதான். என் கணக்கில் கலங்க வைத்தது, அதனால் படம் பாஸ்.

அந்தப் பாதையை விட்டு விலகியவையும் தமிழில் உண்டு. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) பேயை விட்டுவிட்டு விதிகளை நம்பிய படம். ஹீரோ தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. அந்த வீட்டுக்குள் எடுத்த போட்டோவில் மட்டும் அவர் முகம் கோணலாக விழும். டிவி சீரியலில் நடப்பது வீட்டில் நடக்கும். இப்படிச் சின்னச் சின்ன விதிகளை நிறுவிவிட்டு, பி.சி.ஸ்ரீராமின் கேமராவை வைத்து ஒரு சாதாரண அபார்ட்மென்ட்டையே கலவரப்படுத்தினார்கள். ‘பீட்சா’வில் (2012) பங்களாப் பகுதி முழுக்க ஒரு டார்ச் வெளிச்சம்தான். வட்டத்துக்குள் இருப்பதை விஜய் சேதுபதி பார்க்கிறார், நாம் வட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பார்க்கிறோம். ஆழ்வார்ப்பேட்டை டிமான்டி காலனியைச் சுற்றிய கதைகளை எடுத்துக்கொண்ட ‘டிமான்ட்டி காலனி’ (2015) பிற்பாதியில் நான்கு பேரை ஓர் அறையில் பூட்டிப்போட்டு அதிலேயே ஓட்டிக்காட்டியது. இடைவேளையே வேண்டாம் என்று 99 நிமிடத்தில் அறிவித்து வந்த ‘கனெக்ட்’ (2022) நல்ல முயற்சி. ஆனால் அங்கே சிக்கல் வேறு: வீடியோ கால் வழியாகப் பேயோட்டும்போது முன்னும் பின்னுமான தூரம் தட்டையாகிவிடுகிறது, எந்த மூலையைப் பார்ப்பது என்ற பதற்றம் குறைந்துவிடுகிறது.

2025இல் வந்த ‘வெப்பன்ஸ்’ படத்தை இடைவேளைப் பிரச்சினையோடு சேர்த்துப் பார்க்கலாம். அதிகாலை 2:17க்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடிவிடுகிறார்கள். அதை ஒவ்வொருவர் பார்வையில் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்கிறார் ஸாக் கிரெகர். பரபரப்பின் உச்சியில் வெட்டிவிட்டுப் பின்னால் போய் வேறொருவர் கதையைத் தொடங்குவார். அதாவது இடைவேளை தரும் கொக்கியை ஒரே படத்தில் நான்கைந்து முறை போட்டுக்கொள்கிறார், பேய்க்கு நியாயம் கற்பிக்காமலேயே. நம் ஆட்கள் திருட வேண்டிய உத்தி இது.

மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவனுக்கு வருவோம், ஏனென்றால் ‘ஸ்லோ’ என்று அதிகம் திட்டு வாங்குகிறவர் அவர்தான். ‘பூதகாலம்’ (2022) பாட்டி இறந்துபோன வீட்டில் ஓர் அம்மாவும் வேலை கிடைக்காத மகனும். ரேவதியும் ஷேன் நிகமும். படத்தின் பெரும்பகுதி இருவருக்கும் மனநிலை சரியில்லையா, வீடு சரியில்லையா என்ற ஐயத்திலேயே ஓடுகிறது. அந்த ஐயம்தான் படமே. ஃபோனை நோண்டிக்கொண்டே அந்த ஒரு மணி நேரத்தைத் தள்ளிவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் நிமிர்ந்து பார்த்தால் நாலு திடுக்கிடல் கிடைக்கும், பயம் கிடைக்காது. ‘பிரமயுகம்’ (2024) கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் மூன்றே பேர், ஒரு பாழடைந்த மனை. அதில் அச்சம் பேயால் வருவதில்லை. மம்மூட்டி தாயம் உருட்டும்போது எதிரில் இருக்கிறவன் எழுந்து போக முடியாது என்பதால் வருகிறது. அதிகாரத்தின் பயம். ஜம்ப் ஸ்கேர் (சட்டென்று துள்ள வைக்கும் இடம்) எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே ஏமாற்றம்தான்.

சரி, வீட்டு டிவி. இதுதான் பலர் கவனிக்காத இடம். திரையரங்கில் ஒவ்வொரு முன் ஸ்பீக்கரையும் 85 டெசிபலுக்கு அளந்து வைத்து, அதற்கு மேல் 20 டெசிபல் அடிக்கு இடம் விடுவது தரநிலை. பேச்சுக்கும் அடிக்கும் இருக்கும் இந்த இடைவெளியை நம்பித்தான் மிக்ஸிங் செய்கிறார்கள். வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ என ஏதாவது ஆன் ஆகியிருந்தால், டிவி மெல்லிய சத்தத்தை ஏற்றிப் பெரிய சத்தத்தை இறக்கிச் சமமாக்கிவிடும். நிசப்தமும் போயிற்று, அடியும் போயிற்று. பேய்ப்படத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. முதலில் அதை அணையுங்கள். தனி ஸ்பீக்கர் இல்லாதவர்கள் ஆப்பில் பல ஸ்பீக்கருக்கான 5.1 டிராக்குக்குப் பதிலாக ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், பேச்சு அமுங்காது. புளூடூத் சவுண்ட்பாரில் ஒலி 200 மில்லிசெகண்ட் வரை தாமதமாவது சகஜம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து ஃபிரேம். உருவம் வந்து முடிந்தபின் ‘டம்’ கேட்டால் சிரிப்புதான் வரும். டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாகக் கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எதுவும் இல்லையா, வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். டிவியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பீக்கரை விட ஆயிரம் மடங்கு மேல்.

படத்தைப் பொறுத்தவரை வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், அறையை இருட்டாக்குங்கள். திரையரங்கில் முழு வெள்ளையின் அளவே 48 நிட்தான் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). எந்த டிவியும் அதைத் தாண்டும். பிரச்சினை, எதிரில் எரியும் டியூப்லைட் கண்ணாடியில் விழுந்து கறுப்பைச் சாம்பலாக்குவது. பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றினால் பாதி வேலை முடிந்தது. நிறத்தை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் ‘பிரமயுகம்’ கறுப்பு நீலமாகத் தெரியும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி என்று ஒன்று இருக்கும், அதையும் அணைக்கவும். அது இல்லாத ஃபிரேம்களைத் தானாக உருவாக்கிப் படத்தைச் சீரியல் மாதிரி வழுவழுப்பாக்கும். இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரிவது மட்டும் உங்கள் கையில் இல்லை. திரையரங்குக் கோப்பு நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். 4கே ஸ்ட்ரீமிங்குக்கு 15 மெகாபிட் அளவுதான். சுருக்கும்போது முதலில் பலியாவது நிழல். மொபைல் பிளானில் 480பியில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு சரியில்லை என்று எழுதுவது அநியாயம்.

சப்டைட்டிலும் ஒரு எதிரி. இருண்ட சட்டகத்தின் கீழே பளீர் வெள்ளை எழுத்து வந்தால் கண் அதற்குப் பழகி, மேலே மூலையில் நிற்பது தெரியாமல் போகும். பெரும்பாலான ஆப்களில் எழுத்தின் நிறத்தைச் சாம்பலாக்கி அளவைக் குறைக்கலாம். அதற்காகத் தமிழ் டப்பிங்குக்கு ஓடலாமா என்றால், அங்கே வேறு இழப்பு. படப்பிடிப்பிலேயே ஒலி பதிந்த படங்களில் நடிகரின் மூச்சும் முனகலும் வசனத்தோடு ஒட்டியிருக்கும். டப்பிங் செய்யும்போது வசன டிராக்கைத் தூக்கிவிட்டு, இசையும் மற்ற ஓசைகளும் உள்ள டிராக்கின் மேல் புதுக்குரலை வைப்பார்கள். குரல் மாறும், அந்த மூச்சைத் திரும்ப யாரும் அக்கறையாகப் பதிவதில்லை. இரண்டு மூன்று நொடி மூச்சு மட்டும் மிஞ்ச வேண்டிய இடத்தில் மிஞ்சுவது ஸ்டுடியோ வெறுமை. மலையாளம் நமக்கு அரைகுறையாகவாவது புரியும் மொழி; அசலில் பாருங்கள். டப்பிங்கில்தான் பார்த்தீர்கள் என்றால், ‘பயமே வரலை’க்குப் பக்கத்தில் அதையும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.