பட்டினி கிடக்கிற மூளையிடம் நியாயம் பேசாதீர்கள்

“இவ்வளவு படிச்ச பிள்ள, எடுத்துச் சொன்னா புரியாதா?”

உணவுக் கோளாறு என்கிற நோயால் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி எலும்பும் தோலுமாகிப் போன பிள்ளையைப் பற்றி நம் குமரி மாவட்டத்து வீடுகளில் பேச்சு எழுந்தால், முதலில் வருவது இதுதான். பதில்: புரியாது. பிள்ளைக்கு அறிவு இல்லாததால் அல்ல, அறிவு வேலை செய்யத் தேவையான தீனி உள்ளே போகாததால்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. வரவு குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். நாடித்துடிப்பு இறங்கும், மாதவிடாய் நிற்கும், மத்தியான வெயிலிலும் கை கால் சில்லிடும். மூளையும் அப்படியே சுருக்கிக்கொள்ளும். குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறு கடுமையானால் மூளையின் சாம்பல் நிறப் பகுதி அளவிலேயே குறைவதை ஸ்கேனில் பார்க்கலாம். எடை திரும்பும்போது அதில் பெரும்பகுதி மீண்டுவிடுகிறது என்பது ஆறுதல்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் பட்டினி பற்றி ஒரு ஆய்வு தொடங்கினார். உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் பாதியளவே கொடுத்தார்கள். எடை கால்பங்கு குறைந்தது. அதைவிட முக்கியம் மனதுக்கு நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டைத் தண்ணீர் கலந்து மணிக்கணக்காக இழுத்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் சேராமை. அவர்களில் ஒருவருக்கும் குண்டாகிவிடுவோம் என்ற பயம் இருந்ததில்லை. அப்படியானால், உணவுக் கோளாறு வந்த பிள்ளையின் ‘குணம்’ என்று நாம் திட்டுவதில் எத்தனை பங்கு வெறும் பட்டினியின் வேலை?

அதே ஆய்வில் இன்னொன்று. கவனமே நிற்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள், ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை. “மார்க் நல்லாத்தானே வாங்குறா, அப்புறம் என்ன?” என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மார்க் கடைசியில்தான் விழும். முதலில் போவது வளைந்துகொடுக்கும் தன்மை. அதே தட்டு, அதே நேரம், அதே ஒரு கரண்டி. குழம்பில் எண்ணெய் மிதந்தால் அன்றைய நாளே முடிந்தது. ஒரு நினைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற மூளைக்கு முடிவதில்லை. அதை வீம்பு என்று பெயரிட்டு அடிப்பதும் அழுவதும் வீண்.

அதனால் என் கட்சி இதுதான்: முதல் மருந்து சோறு. கவுன்சிலிங் கூடவே வரட்டும், ஆனால் ‘முதலில் மனசு சரியாகட்டும், பிறகு சாப்பிடுவாள்’ என்பது தலைகீழ் வரிசை. எடை மிகக் குறைந்த நிலையில் மனச்சோர்வு மாத்திரைகள்கூட எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

ஆனால் சோறு என்றதும் ஒரே நாளில் திணித்துவிடக் கூடாது. இங்கேதான் உயிர் போகும் தவறு நடக்கிறது. பல நாள் ஏறக்குறைய பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்துவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். முதல் ஒரு வாரம், பத்து நாள்தான் ஆபத்து அதிகம். 5 நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாதவர், சில மாதத்தில் எடை மளமளவென்று இறங்கியவர், இவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, குறைவாகத் தொடங்கித்தான் கூட்ட வேண்டும்.

நம்மூரில் இன்னொரு பழக்கம்: “ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தா தெம்பாயிரும்.” தயாமின் என்கிற வைட்டமின் பி1 தீர்ந்து கிடக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். குழப்பம், கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று அது தொடங்கும். எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தயாமின் முதலில் போகட்டும்.

உணவுக் கோளாறில் சாப்பிட்டதைத் தானே வரவழைத்து வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவரும் உண்டு, அவர் மெலிந்திருக்கவே வேண்டாம். விரல் முட்டியில் தழும்பு, காதுக்குக் கீழே வீக்கம், பல் தேய்வு இவைதான் அடையாளம். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஈசிஜி எடுக்காமல் விடக் கூடாது. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

ஆபத்தான கட்டம் இல்லை, வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு: 3 வேளை சாப்பாடு, இடையில் 3 சிற்றுணவு. இடைவெளி 3 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பரிமாறுவது பெரியவர், பிள்ளை அல்ல. கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதும். வாந்திப் பழக்கம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் பாத்ரூமுக்குத் தனியாக விடாமல் பேச்சுத்துணையாக இருங்கள்.

இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் அது நடிப்பு அல்ல. பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதனால் கஞ்சித் தெளிவையும் ரசத்தையும் ஊற்றி இடத்தை அடைக்காதீர்கள். நம் அடுக்களையிலேயே கெட்டியான சாப்பாடு இருக்கிறது: புட்டும் பயறும் ஏத்தன்பழமும், தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும் மரச்சீனியும், முட்டை, நிலக்கடலை. வீட்டிலிருந்தே தேறுகிறவருக்கு வாரம் கால் கிலோ, அரை கிலோ ஏறினால் நல்ல போக்கு. முதல் சில வாரம் அழுகையும் பயமும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். எடை வந்த பிறகும் அந்த நினைப்புகள் அடங்க மாதக்கணக்காகும்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தவக்காலமோ ரமலானோ மாலை போட்ட நாள்களோ, இந்த நோய் பக்தியின் பின்னால் சுலபமாக ஒளிந்துகொள்ளும். கத்தோலிக்கச் சட்டப்படி கட்டாய ஒருசந்தி வருடத்தில் 2 நாள்தான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயதாகாதவருக்கு அதுவும் இல்லை. ரமலான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு.

மயக்கம், விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழ், காலில் வீக்கம், பேச்சில் குழப்பம், சாக வேண்டும் என்ற பேச்சு: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாகக் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு. தேறி வரும் பிள்ளையைப் பார்த்து “என்ன மக்களே, நல்லா தடிச்சிட்டியே” என்று பாராட்டாதீர்கள். ஒரு மாத உழைப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். “மெலிஞ்சு அழகாயிட்டியே” அதைவிட மோசம். “சோறு தின்னாச்சா?” என்பதுகூட அந்தப் பிள்ளைக்குப் போலீஸ் விசாரணை மாதிரி. பஸ் கூட்டமா இருந்துச்சா என்று கேளுங்கள், போதும்.