இறக்கையை வரைந்தவரை விட்டுவிட்டு எங்களைக் கேட்கிறீர்கள்

போயிங் 777எக்ஸ் இறக்கை நுனியை மடிக்கும் அந்த வீடியோவுக்குக் கீழே முந்தாநாள் வந்த கமென்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏர்போர்ட் கட்டுகிறவனுக்கு முன்யோசனை கிடையாதாம், விமானம் வந்து நிற்கும் கேட்டைச் சின்னதாகக் கட்டிவிட்டு இறக்கையை மடிக்கச் சொல்கிறானாம். அதற்கு லைக் வேறு குவிந்திருக்கிறது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

கேட்டின் அகலத்தை இறக்கைதான் தீர்மானிக்கிறது, ஏர்போர்ட் கட்டுகிற நாங்கள் இல்லை. இறக்கை நுனிக்கு நுனி 65 மீட்டருக்குள் இருந்தால் ஈ வகை, அதற்கு மேல் 80 மீட்டருக்குள் எஃப் வகை. 777எக்ஸ் விரித்தால் 71.8, மடித்தால் 64.8. அந்த ஏழு மீட்டரை மடித்தால் இருக்கிற ஈ வகை கேட்டிலேயே நிற்கலாம், அவ்வளவுதான் விஷயம்.

ஏர்பஸ்ஸின் இரண்டடுக்கு விமானம் ஏ380 வந்தபோது யாரையும் மடிக்கச் சொன்னோமா? 79.75 மீட்டருக்கு வரைந்து கொடுத்தார்கள், நாங்கள் உடைத்துக் கட்டினோம். அப்போது வெளிநாட்டில் ஒரு ஏர்போர்ட்டில் டாக்ஸிவேயை, அதாவது ரன்வேக்கும் கேட்டுக்கும் நடுவே விமானம் ஓடும் பாதையை, அகலப்படுத்தும் வேலையில் இருந்தேன். அந்த விமானத்தின் வெளி இன்ஜின்கள் பாதையின் ஓரத்துக்கு அப்பால் தொங்கும், கல் மண்ணை உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்த இரண்டுக்கும், இறங்கியதும் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்சர்கூட வைக்கவில்லை. அன்றைய விதிப்படி 747க்கு ஷோல்டரோடு, அதாவது இரு பக்க ஓரப் பட்டையோடு, 44 மீட்டர் போதும், இதற்கு 60. இரவு ஒரு மணிக்கு டாக்ஸிவேயை மூடுவார்கள், ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும். கொடுக்கும் முன் டார்ச் அடித்து வரிசையாக நடந்து, சுண்டுவிரல் நகம் அளவு கல்லைக்கூடக் குனிந்து பொறுக்குவோம். ஊரில் பாட்டி போய்விட்ட செய்தி அங்கே நிற்கும்போதுதான் வந்தது. தார் ஆறுவதற்குள் ரோலர் ஓடணும், நின்று அழக்கூட நேரமில்லை.

"251 விமானத்தோடு 2021இல் தயாரிப்பையே நிறுத்திட்டாங்களே, அப்போ செலவு வீண்தானே?" என்பீர்கள். இருக்கலாம். சில இடங்களில் அந்தக் கேட்டுகளுக்கு வேலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் விமானத்தை நிறுத்துவது ஓர் அறிவிப்பு, ஊற்றிய கான்கிரீட்டை என்ன செய்வது? அன்றைக்குக் கட்டாமல் இருந்திருந்தாலும் இதே வாய்தான் எங்களைத் திட்டியிருக்கும்.

"நீ அந்த வேலை பார்த்தவன், பரிந்துதான் பேசுவாய்." ஆமாம், பேசுகிறேன். பார்த்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

இன்னொன்று. முதல் 777க்கே 90களில் மடிப்பு இறக்கை தருகிறோம் என்று போயிங் சொன்னது. ஒரு ஏர்லைன்கூட வாங்கவில்லை. முன்யோசனை பற்றி அந்த ஏர்லைன்காரர்களிடம் போய்க் கேளுங்கள்.