கதைதான் தெரியுமே, திரும்ப எதுக்கு?

"கதைதான் தெரியுமே, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப அதையே படிக்கிறே?" எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத பெரியவர்கள் இல்லை. ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பை பையாக வாங்கிவந்து, அடுக்கி வைத்துப் படம் போடும் நண்பர்களும் இதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்கிறார்கள். படிக்க இவ்வளவு குவிந்து கிடக்கும்போது படித்ததையே எடுப்பது அவர்களுக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

கேட்கட்டும். ஆனால் கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற எண்ணம் நம் ஊருக்கு எப்போது வந்தது என்றுதான் புரியவில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் சொல்வார்கள், ராத்திரியில் கூத்து நடக்கும், கடைசியில் பதினெட்டாம் போர். துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுவான் என்பது தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் யாருமே இல்லை. துகிலை உரிவார்கள் என்பதும் தெரியும், கண்ணன் சேலை கொடுப்பான் என்பதும் தெரியும். இருந்தும் துண்டை விரித்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். கம்பனும் தெரிந்த கதையைத்தான் எடுத்துப் பாடினான். பட்டிமன்றம் இருக்கிறதே, அதையே பாருங்கள். கும்பகர்ணன் உயர்ந்தவனா, வீடணன் உயர்ந்தவனா என்று கட்சி பிரிந்து மணிக்கணக்கில் பேச முடிகிறது என்றால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை அத்துப்படி என்பதால்தான். இராமன் என்ன ஆவானோ என்ற கவலை இல்லாததால்தான் கும்பகர்ணனைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடைக்கிறது.

நான் சொல்ல வந்ததும் இதுதான். முதல் தடவை படிக்கும்போது நாயகன் பின்னாலேயே ஓடுகிறோம். மற்றவர்கள் எல்லாம் வெறும் கூட்டம். கதை தெரிந்த பிறகுதான் ஓரத்தில் நிற்கிற ஆட்கள் கண்ணில் படுகிறார்கள்.

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வ'னைத் தாண்டிப் போக முடியாது. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர். அடுத்த இதழ் வரும்வரை ஜனங்களைத் தவிக்கவிட்டே எழுதியது. அப்படி மர்மத்தை நம்பி எழுதிய கதை, முடிச்சுகள் அவிழ்ந்த மறுநாளே செத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுத்தார்கள். விளம்பரமும் பாதியில் அறுந்த துணுக்கும் சேர்ந்தே தைக்கப்பட்டிருக்கும், ஒரு வாரம் இதழ் தவறியிருந்தால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை, நடுநடுவே மணியத்தின் ஓவியங்கள். முதல் முறை படித்தாகிவிட்டது, திரும்பப் படிப்பதற்கென்றேதான் காசு கொடுத்துத் தைக்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் மறுவாசிப்பு என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அதன் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். பள்ளிக்கூடத்து வயதில் படிக்கும்போது அந்தக் குதிரை எங்கே போகிறது என்பது மட்டும்தான் நமக்கு முக்கியம். ஏரிக்கரையில் நிற்கும் ஜனங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவோம். திரும்பப் போனால்தான் தெரிகிறது, அங்கே என்னென்ன நடக்கிறது என்று. கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு வந்து கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட மட்டையைக் குழந்தைகள் மதகு ஓரத்தில் எறிகிறார்கள். அது உள்ளே இழுபட்டுக் கரைக்கு மறுபக்கம் விழுந்தடித்து ஓடிவருவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். காதலியின் தலையில் இருக்கும் பூவை அவளுக்குத் தெரியாமல் எடுத்துத் தண்ணீரில் விட்டு வேடிக்கை பார்க்கிற வம்புக்காரர்களும் உண்டு. சதிக்கும் பட்டத்துச் சண்டைக்கும் இந்தப் பிள்ளைகளால் ஒரு உபயோகமும் இல்லை. ஐந்து பாகத்தில் மறுபடி எங்கேயும் வரப்போவதும் இல்லை. எனக்கென்னவோ இப்போதெல்லாம் குதிரையை அனுப்பிவிட்டு அவர்களோடேயே நின்றுவிடத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த மூடுபல்லக்கு. கடம்பூர் மாளிகைக்கு வந்து சேரும் பல்லக்கில் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி இருக்கிறாள் என்றுதான் முதல் முறை எல்லோரும் நினைப்போம். உள்ளே இருப்பது, சதிகாரர்கள் பட்டத்துக்குக் கொண்டுவர நினைக்கும் இளவரசன் மதுராந்தகன் என்று தெரிந்துகொண்டு அதே பக்கங்களைப் படித்தால் பெரிய பழுவேட்டரையர் வேறு ஆளாகத் தெரிகிறார். அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட மனிதர். வயதான காலத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஊரே முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறது. அந்தக் கேலிக்குக் காரணமான பல்லக்கையே சதிக்குத் திரையாக வைத்துக்கொண்டு போகிறார். சின்ன வயதில் நாமும் ஊரோடு சேர்ந்து சிரித்தவர்கள்தான். இப்போது அவர் வருகிற இடங்களில் சிரிப்பு வருவதில்லை.

1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் ஆளாளுக்கு அச்சடித்துத் தள்ளினார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒரு செட் வாங்கினேன், எழுத்துப்பிழை இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2022, 2023இல் படம் வந்த பிறகு இன்னொரு தொல்லை. பழுவேட்டரையர் என்றதும் மணியம் வரைந்த மீசையா, திரையில் பார்த்த முகமா என்று ஒரு நொடி தடுமாறுகிறது.

சரி, 'மோகமுள்'ளுக்கு வருகிறேன். தி. ஜானகிராமனை இளவயதில் படித்தவர்களில் பெரும்பாலோர் பாபுவாகவே மாறித்தான் படித்திருப்பார்கள். யமுனா கிடைப்பாளா மாட்டாளா என்பதே பிரச்சினை. பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா பேசுகிற சங்கீதத்தைக்கூட அவசரமாகப் புரட்டிவிட்டு யமுனா எங்கே என்று தேடுவோம். அந்த அவசரத்தில் தங்கம்மாவைத் தவறவிட்டுவிடுகிறோம். கும்பகோணத்தில் பாபுவுக்குப் பக்கத்து வீட்டில், கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம் பெண். அவளாகத் தேடி வருகிறாள். பாபு குற்ற உணர்ச்சியில் அவளை ஒதுக்குகிறான். அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். முதல் வாசிப்பில் இது பாபுவுக்கு நேர்ந்த ஒரு சங்கடம், அவ்வளவுதான். அவனுடைய மனசு என்ன பாடுபடுகிறது என்றுதான் பார்க்கிறோம், அவள் மனசைப் பற்றி யார் கேட்டார்கள்? இப்போது எனக்கு அந்த நாவலே அவளிடம்தான் நிற்கிறது. பாபு யமுனாவைப் பற்றி எவ்வளவு உயர்வாக யோசித்தாலும், பக்கத்து வீட்டுக் கிணறு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. ஜானகிராமன் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்றுதான் நம்புகிறேன். பாபு மாதிரியே நம்மையும் அவளைத் தாண்டிப் போகவைத்துவிட்டு, அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

எல்லாப் புத்தகமும் இப்படித் தாங்குவதில்லை. கல்லூரிக் காலத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்த சில நாவல்கள் இருக்கின்றன, பேர் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் தத்துவம், நாயகன் வாயைத் திறந்தால் சொற்பொழிவு. திரும்ப எடுத்தால் அந்தக் கோடுகள் மட்டும்தான் இருக்கின்றன. ஓரத்தில் யாரும் நிற்கவில்லை. மற்ற பாத்திரங்கள் எல்லாம் அவன் பேசுவதைக் கேட்கவே படைக்கப்பட்டவர்கள். நாயகன் அலுத்துவிட்டால் புத்தகமே அலுத்துவிடுகிறது. பொழுதுபோக்கு எழுத்து திரும்பப் படிக்கத் தாங்காது, தீவிர இலக்கியம் தாங்கும் என்று சிலர் ஒரு கோடு போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேவனின் துப்பறியும் சாம்புவை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் இன்றைக்கும் படிக்க முடிகிறது. திருடன் யார் என்று தெரிந்திருப்பதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பப் படிப்பது என்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை என்று யாரும் சட்டம் போடவில்லை. சாப்பிட உட்காரும்போது கைக்கு எது வருகிறதோ அந்தப் பாகம், எது திறக்கிறதோ அந்தப் பக்கம். என் பிரதிகளில் குழம்புக் கறை பட்ட பக்கங்களை வைத்தே எனக்குப் பிடித்த இடங்கள் எவை என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் அசோகமித்திரனை மட்டும் அப்படிப் படிக்க முடிவதில்லை. '18வது அட்சக்கோடு' 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் ரயில்வே குடும்பத்துப் பையன் சந்திரசேகரன். சுதந்திரத்தை ஒட்டிய காலம். ஹைதராபாத் நிஜாம் இந்தியாவோடு சேர மறுக்க, அவர் பக்கம் நின்ற ரஜாக்கர் ஆயுதப் படையின் கெடுபிடி, 1948 செப்டம்பரில் ராணுவம் உள்ளே வருகிறது. முதல் தடவை படித்தபோது பாதிப் புத்தகம்வரை இதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்கிற சத்தம்தான். பையன் கிரிக்கெட் ஆடுகிறான், மாட்டைப் பார்த்துக்கொள்கிறான், சைக்கிளில் சுற்றுகிறான். கதை எப்போது ஆரம்பிக்கும் என்றிருந்தது.

கடைசியில் கலவரத்துக்குப் பயந்து ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே ஒரு குடும்பம் ஒடுங்கிக் கிடக்கிறது. அவன் தங்களைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று எண்ணி, அந்த வீட்டுப் பெண், இன்னும் சிறுமி, குடும்பத்தைக் காப்பாற்றத் தன் உடையைக் களைந்துவிட்டு அவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவளுக்குப் பேர்கூடக் கிடையாது. மொத்த நாவலில் அவளுக்குக் கிடைப்பது சில வரிகள்.

அவள் கடைசியில் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தால், தெருவில் வந்துபோகும் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் யார் யாரோடு பேச்சை நிறுத்துகிறார்கள், எந்த விளையாட்டுத் தோழன் எப்போது விலகுகிறான், வெளியூரிலிருந்து தப்பி வந்து யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று. சந்திரசேகரன் இதையெல்லாம் பார்க்கிறான், ஆனால் கவனிப்பதில்லை, அவனுக்கு ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி எடுக்கப்போகிறேன். "கதை தெரியுமே" என்று யாராவது கேட்டால், தெரியும், அதனால்தான்.