கடனுக்கு பெட்ரோல் தராத கம்பெனியும் கர்னல் மொஸ்கோனியும்

1922 ஆகஸ்ட். அர்ஜென்டினா ராணுவத்தோட விமானப் பிரிவுக்கு அப்போ தலைவர் கர்னல் என்ரிக்கே மொஸ்கோனி. படிச்ச சிவில் இன்ஜினியர், ஜெர்மனிக்குப் போய் பயிற்சி எடுத்தவர். விமானம் கிளம்பணும், பெட்ரோல் வேணும், கேட்டா அமெரிக்க எண்ணெய் கம்பெனி ஸ்டாண்டர்ட் ஆயிலோட கிளை கம்பெனி முன்பணம் கட்டினாதான் சரக்குன்னு சொல்லிடுச்சு. இத்தனைக்கும் ராணுவம் அவங்களுக்கு ஒரு காசு பாக்கி வெக்கல. நேர்ல அந்த ஆபீசுக்கே போயிருக்கார். நாட்டோட பாதுகாப்புக்கு அவசரமா தேவைன்னாலுமான்னு கேட்டதுக்கும் அதே பதில்தான். இந்த எண்ணெய் கம்பெனிகளோட பிடியை சட்டப்படி உடைச்சே தீரணும்னு அந்த ஆபீஸ்லயே முடிவு பண்ணினதா பின்னாடி அவரே எழுதியிருக்கார்.

ரெண்டே மாசத்துல, அக்டோபர்ல, புதுசா ஆரம்பிச்ச அரசு எண்ணெய் நிறுவனம் ஒய்பிஎஃப்-க்கு அவரையே தலைவரா போட்டாங்க. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கறது இங்கதான். பொதுத்துறை வேணும்னு மேடைல பேச எல்லாராலயும் முடியும், இவரு இன்ஜினியரா யோசிச்சார். நாட்டோட தெற்குல, படகோனியால இருக்கற கொமதோரோ ரிவதாவியால 1907லயே எண்ணெய் கிடைச்சாச்சு, ஆனா கச்சா எண்ணெயை அப்படியே வண்டில ஊத்த முடியாதே, சுத்திகரிக்கற ஆலையும் பங்க்கும் எவன் கைல இருக்கோ விலையும் அவன் கைலதான். அதனால 1925 டிசம்பர்ல லா பிளாட்டால பெரிய ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சது, நாடு முழுக்க பங்க் வந்தது. அப்புறம் 1929ல விலையைக் குறைச்சார் பாருங்க, வெளிநாட்டு கம்பெனிகளும் வேற வழியில்லாம குறைச்சாங்க. துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு விலை உள்நாட்டு விவசாயிக்கு ஒரு விலைன்னு இருந்ததையும் மாத்தி எல்லா ஊருக்கும் ஒரே விலைன்னு கொண்டுவந்தார். இது சின்ன விஷயம் இல்லீங்க. தூரத்து ஊர்ல டிராக்டர் வெச்சிருக்கறவனுக்கு அரசாங்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே அப்பதான் தெரிஞ்சிருக்கும்.

அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கும் ஐரோப்பாவோட ஷெல் எண்ணெய் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்னா ஒண்ணு சணல் கயிறு, இன்னொண்ணு பட்டுக்கயிறு, தூக்குல தொங்க ரெண்டுமே ஒண்ணுதான்னு சொன்ன மனுஷன் அவர்.

ஆனா ஒண்ணு, அவர்கிட்ட எனக்கு உடன்பாடில்லாததையும் சொல்லணும். எண்ணெய் வயல்ல தொழிலாளிகளை ராணுவ ஒழுங்குலதான் நடத்தினார், சங்கம் ஸ்டிரைக்னு போனவங்க மேல ரொம்ப கடுமை. மக்களுக்கான நிறுவனத்துல அந்த மக்களே வாயைத் திறக்க முடியலங்கறதை என்னால ஏத்துக்க முடியல.

எண்ணெய் முழுக்க அரசுக்கேன்னு ஒரு சட்டம் 1927ல கீழ்சபைல பாஸ் ஆச்சு, செனட்ல கிடப்புல போட்டுட்டாங்க. 1930 செப்டம்பர் 6 ராணுவப் புரட்சி. மொஸ்கோனி அதுக்கு ஒத்துப்போகல, சில நாள்லயே பதவி போச்சு, ஐரோப்பாவுக்கு அனுப்பிட்டாங்க. பக்கவாதம் வந்து உடம்பு ஒடுங்கிப்போய் 1940 ஜூன் 4 செத்துப்போனார். எட்டு வருஷம் நாட்டோட எண்ணெயையே கைல வெச்சிருந்தவர், பெரிய சொத்துன்னு எதையும் சேத்து வெக்கல.

அவர் கட்டினதை 1990கள்ல தனியாருக்கு வித்தாங்க, 1999ல கிட்டத்தட்ட முழுசும் ஸ்பெயினோட ரெப்சால் எண்ணெய் கம்பெனி கைக்குப் போச்சு. 2012ல 51 சதவீதத்தை சட்டம் போட்டு அரசாங்கம் திரும்ப எடுத்துச்சு. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கு 1922ல அந்த ஆபீஸ்ல வெறுங்கையோட எழுந்து வெளிய வந்த கர்னல் ஞாபகம்தான்.