அவள் "போதும்" என்றால் போதும்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாட்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று இரவு குடும்பக் குழுவில் வந்த குரல்பதிவைக் கேட்ட பிறகு முடியவில்லை. "ஒரு வாய் கூடுதலாக ஊட்டியதற்கா இவ்வளவு கோபம்?" என்று அதில் கேள்வி. அன்று அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். இல்லாதவர்களுக்கு இந்நேரம் ஆளுக்கொரு விதமாகச் செய்தி போயிருக்கும். அதனால் என் பக்கத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

ஆம், அந்த ஒரு வாய்க்குத்தான் கோபம். அதற்கு முன்னால் என் மகள் மூன்று முறை "போதும்" என்று சொல்லியிருந்தாள்.

முதல் முறை வாயால் சொன்னாள். இரண்டாம் முறை தட்டைத் தள்ளினாள். மூன்றாம் முறை இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கவ்விக்கொண்டு, முகத்தைத் திருப்பி என் தோளில் புதைத்தாள். போன மாதம்தான் அவளுக்கு இரண்டு வயது முடிந்தது. பாதிச் சொற்கள் இன்னும் எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் புரியாது. "போதும்" மட்டும் யாருக்கும் புரியும்படி, மூன்று எழுத்தும் முழுதாக வரும். அந்தச் சொல்லை அவள் கற்றுக்கொண்ட நாளில் எத்தனை பேருக்குக் காணொளி எடுத்து அனுப்பினேன்! அன்று எல்லாரும் கை தட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதே சொல்லைச் சொன்னபோது ஒருவர் காதிலும் விழவில்லை.

பிறகு ஒரு கை அவள் தாடையைப் பிடித்தது. அவள் வீறிட்டு அழுதாள். அழுதால் வாய் திறக்கும் அல்லவா, அந்த நேரம் பார்த்துக் கரண்டி உள்ளே போனது. இருமினாள், முகம் சிவந்தது, அதற்கு முன் தானாக விரும்பிச் சாப்பிட்டதையும் சேர்த்து என் தோளில் வாந்தி எடுத்தாள். நான் "விடுங்கள் அவளை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், மறுக்கவில்லை. அந்த நொடியிலிருந்து குழந்தையின் இருமல் எல்லாருக்கும் மறந்துபோனது. என் குரல் மட்டும்தான் இன்றுவரை பேச்சாக இருக்கிறது.

ஊட்டியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு என் மகள்மேல் பாசம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாசம் இருக்கிறது. ஆனால் அழுகிற குழந்தையின் வாயில் உணவைத் திணிப்பது ஆபத்து, பாசத்தோடு திணித்தாலும் ஆபத்துதான். அழும்போது குழந்தை இழுத்து இழுத்து மூச்சு வாங்கும். வாயில் இருப்பது அந்த மூச்சோடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சாப்பாடு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் அதிகம் என்று மருத்துவர்கள் சும்மா சொல்லவில்லை. மூச்சுக்குழாய் குறுகியது, அரைத்து மெல்லும் பற்கள் முழுதாக முளைத்திருக்காது. அன்று இருமலோடு போனது எங்கள் நல்ல காலம்.

"இளைத்துவிட்டாளே, அதனால்தானே ஊட்டினோம்" என்கிறீர்கள். இதைத்தான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்கிறேன். "இளைத்துவிட்டாளே." "கன்னமெல்லாம் எங்கே போயிற்று?" "சாப்பிடக் கொடுக்கிறாயா இல்லையா?"

கொடுக்கிறேன். அவளுடைய எடை 10.4 கிலோ. இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் நடுக்கோடு 11.5 கிலோ. ஏறத்தாழ 9 கிலோவிலிருந்து 14.8 கிலோ வரை வழக்கமான வீச்சுக்குள்தான் வரும். நடுக்கோடு என்றால் எல்லாக் குழந்தையும் எட்டியாக வேண்டிய கோடு அன்று. பாதிக் குழந்தைகள் அதற்கு மேலே இருப்பார்கள், பாதிக் குழந்தைகள் கீழே இருப்பார்கள், அதனால்தான் அது நடுக்கோடு. 2006இல் வெளியான அந்த அட்டையை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து தயாரித்தார்கள். நம் குழந்தைக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்ல வேண்டாம். என் மகள் பிறந்ததிலிருந்து எந்தத் தடத்தில் வந்தாளோ அதே தடத்தில்தான் இன்றும் போகிறாள். மருத்துவர் பார்ப்பது அந்தத் தடத்தைத்தான், கன்னத்தை அன்று.

முதல் வயதில் உருண்டையாக இருந்தவள்தானே என்றால், ஆம், இருந்தாள். முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. இதற்கிடையில் நடக்கிறாள், ஓடுகிறாள், நாற்காலிமேல் ஏறுகிறாள், கால் நீள்கிறது. கன்னம் வற்றாமல் என்ன செய்யும்? இதை எனக்கு மருத்துவர் ஒரே நிமிடத்தில் விளக்கினார். நான் குடும்பத்தில் இதுவரை குறைந்தது பத்துப் பேருக்கு விளக்கியிருப்பேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த முறை வந்ததும் மறுபடி "இளைத்துவிட்டாளே".

ஒரு வேளை சரியாகச் சாப்பிடவில்லை என்று பதறுகிறவர்களுக்கு இன்னொன்று. லீன் பிர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவினர் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 15 குழந்தைகள் ஆறு நாட்கள் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொரு வேளையும் கணக்கெடுத்தார்கள். வேளைக்கு வேளை சாப்பாட்டின் அளவு ஏறத்தாழ 34 சதவீதம் ஏறி இறங்கியது. ஒரு முழு நாளைக் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் 10 சதவீத அளவுதான். காலையில் குறைத்துச் சாப்பிட்ட குழந்தை, யாரும் சொல்லாமல், பிறகு ஈடுகட்டிக்கொள்கிறது. அந்தக் கணக்கு அவர்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நாம்தான் தாடையைப் பிடித்து அந்தக் கணக்கைக் கலைக்கிறோம்.

திரும்பவும் சொல்கிறேன், அவள் "போதும்" என்றால் போதும்.

"எங்கள் காலத்தில் இப்படியா வளர்த்தோம்? நீயும் ஊட்டி வளர்ந்தவள்தானே, நன்றாகத்தானே இருக்கிறாய்?" இந்தக் கேள்வியும் வந்தது. இதற்குப் பதில் சொல்வது எனக்கு எளிதன்று. ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ இருக்கும். தட்டு காலியாகாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது வீட்டு விதி. ஒரு நாள் மதியம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். தட்டின் ஓரத்தில் மிச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. வலது கை விரல்களில் இருந்ததும் காய்ந்து, தோல் இழுத்துப் பிடித்தது. பக்கத்து அறையில் அம்மா படுத்திருந்தார், ஆனால் தூங்கவில்லை, அவ்வப்போது "முடித்துவிட்டாயா?" என்று குரல் வரும். வெளியே மற்றப் பிள்ளைகள் விளையாடும் சத்தம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரோடு சேர்த்து விழுங்கினேன். அந்தத் தட்டில் இருந்த பண்டத்தின் வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. வயிறு நிறைந்துவிட்டதா என்பதே இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. தட்டு காலியானால்தான் சாப்பாடு முடிந்ததாகத் தோன்றுகிறது. அம்மாமேல் எனக்குக் குறையில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் வளர்த்தார், இல்லாமையைப் பார்த்தவர். ஆனால் "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று என்னைக் காட்டி என் மகளின் வாயில் திணிக்காதீர்கள். அந்த விஷயத்தில் நான் நன்றாக இல்லை.

அம்மாவே நேற்று தொலைபேசியில் சொன்னார்: "அன்றைக்கு நீ உதட்டை மடித்துக்கொள்வதைப் போலத்தான் இவளும் மடிக்கிறாள்." வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

"அப்படியானால் குழந்தை கேட்பதை மட்டும் கொடுத்து வளர்ப்பாயா?" என்று கேட்பவர்களுக்கு: அப்படி நான் எங்கே சொன்னேன்? என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் வேலை. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் பல வருடங்களுக்கு முன்பே பிரித்துச் சொன்ன வேலைப் பங்கீடு இது. 1920களின் கடைசியில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் பால்குடி மறந்த குழந்தைகளின் முன்னே பலவகை உணவுகளை வைத்துவிட்டு, தாதியரிடம் "நீங்களாக எதையும் நீட்டாதீர்கள், குழந்தை கை நீட்டினால் மட்டும் கொடுங்கள்" என்றார். அந்த 15 குழந்தைகளும் ஆளுக்கொரு விதமாகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டு நன்றாக வளர்ந்தார்கள். முன்னே வைத்ததெல்லாம் நல்ல உணவு என்பதில்தான் சூட்சுமம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே நல்லதை எடுத்து வைப்பது என் பொறுப்பு. அதை நான் ஒரு வேளைகூடத் தட்டிக்கழித்ததில்லை.

"வற்புறுத்தாவிட்டால் புது உணவைத் தொடவே மாட்டார்கள்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வற்புறுத்தினால்தான் தொடமாட்டார்கள். பிர்ச் குழுவினரே 2006இல் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு சூப்புகளை வைத்துப் பார்த்தார்கள். "முடி, முடி" என்று சொல்லிக் கொடுத்த சூப்பைக் குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். ஒரு புது உணவு பழக எட்டு, பத்து, பதினைந்து முறைகூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். அவள் வேகவைத்த கேரட்டை முதல் முறை தரையில் போட்டாள். அடுத்த முறை நசுக்கினாள். எத்தனையாவது முறை என்று நினைவில்லை, ஒரு நாள் ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாக்கு நுனியால் தொட்டு, வாயில் போட்டு, என்னைப் பார்த்தாள். நான் மூச்சுக்கூட விடவில்லை.

கைப்பேசியில் படம் காட்டி ஊட்டச் சொல்பவர்களுக்கு நீளமாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் என்றால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. படம் பார்த்தபடி விழுங்குகிற குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எடைத்தடம் கீழ்நோக்கிச் சரிந்தால், விழுங்க வலித்தால், சோர்ந்து கிடந்தால், பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு வேறெதுவும் தொடாவிட்டால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். அப்படி நடந்தால் முதலில் ஓடப்போவதும் நான்தான். அப்போதும் தாடையைப் பிடிப்பது மருந்து ஆகாது.

இவ்வளவும் எழுதிய பிறகும் மனது ஆறவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அன்று அவள் அப்பாவும் அங்கேதான் இருந்தார். அரை மணி நேரம் அவர் மடியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அவரிடம் ஒருவராவது "குழந்தைக்குச் சாப்பிடக் கொடுக்கிறாயா?" என்று கேட்டார்களா? மடியில் இருக்கிற குழந்தையைப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பி, அறையின் மறுகோடியில் இருந்த என்னிடம் வந்து கேட்டார்கள். அவள் கன்னம் என்னுடைய தேர்வுத்தாள் போலவும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் மதிப்பெண் போடலாம் என்பது போலவும்.

திரும்பி வரும் வழியில் அவர், "பெரியவர்கள்தானே, விட்டுவிடு" என்றார். அந்தச் சொல்தான் கரண்டியைவிட ஆழமாக இறங்கியது. பெரியவர்கள் என்பதால் விட்டுவிடலாம், சின்னவள் என்பதால் அவள் சொன்னதையும் விட்டுவிடலாமா? நான் வீடு வரும்வரை பேசவில்லை. இரவு அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டது நிஜமான மன்னிப்புதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மூன்று நாட்களாக அவள் யார் கையிலிருந்தும் கரண்டியை வாங்குவதில்லை. நான் கையில் எடுத்தாலே உதடு உள்ளே மடங்குகிறது. என் கையில் கரண்டியைப் பார்த்து அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் முறை. நேற்று மாலை கரண்டியை அவள் பக்கம் மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து அவளே எடுத்தாள். பாதி சட்டையில், பாதி வாயில். ஐந்தாறு வாய் சாப்பிட்டு "போதும்" என்றாள். தட்டை எடுத்துவிட்டேன். நான் எடுத்துவிட்டேனா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறோம். உறவை முறித்துக்கொள்ள இதை எழுதவில்லை. அவளுடைய சின்னக் கரண்டியை நானே கொண்டு வருகிறேன். அது அவள் கையில் மட்டும்தான் இருக்கும்.