டிபன் பாக்ஸில் ஒரு முட்டை

மதிய உணவில் முட்டைகூடக் கொண்டுவரக் கூடாது என்று, என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் சேர்க்கையன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சென்ற வாரம் அவசரத்தில் முட்டைப் பொடிமாஸைச் சோற்றில் கிளறிக் கொடுத்துவிட்டேன்; வகுப்பாசிரியை அவளைத் தனியே வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்ல, பாதிச் சோறு அப்படியே திரும்பி வந்தது. "நம்ம வீட்டுச் சாப்பாடு அசிங்கமாம்மா?" என்று கேட்ட ஆறு வயதுக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இதே தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை உண்டு. அரசுப் பள்ளிகளில் அவித்த முட்டையும், அதை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழமும் ஒரே இடத்தில் வழங்கப்படுகின்றன. என் மாமியாரே சைவம்தான், அவருடைய பழக்கத்தை மனதார மதிக்கிறேன். ஆனால் சிலர் வீட்டுப் பழக்கத்தைப் பள்ளியின் ஒழுக்கமாக்கி, என் பிள்ளையின் சோற்றைத் தீட்டாகப் பார்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.